மைக் செட்காரரின் செவிப்பறை

எனக்குக் கோபம் வரும். அது எப்போதும் மூக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருக்கும். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "யாரு, அந்த மைக் செட் வீட்டம்மாவா? அதுக்குத் தனியா மைக்கே வேணாங்க" என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் நான் கத்துகிறவளாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில், "வாயத் தொறந்து சத்தமா படி" என்று டீச்சர் எழுப்பி நிற்க வைப்பது என்னைத்தான். இந்தக் குரல் கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது.

நான் காது பார்க்கிறவள். டாக்டர் இல்லை. காரைக்கால் டவுனில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மா ஒருவரின் கிளினிக்கில், காது எவ்வளவு கேட்கிறது, ஏன் கேட்கவில்லை என்று மெஷின் வைத்துப் பரிசோதிப்பது என் வேலை. என் வீட்டுக்காரருக்கு வேலை ஊர்க்காதை அடைப்பது. மைக் செட் வைத்திருக்கிறார். மாதா கோயில் கொடியேற்றம், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, தர்காவில் கந்தூரி, கல்யாணம், காதுகுத்து என்று எது நடந்தாலும் கம்பத்தில் குழாய் கட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். குழாய் என்றால் அந்தக் கூம்பு ஸ்பீக்கர். இப்போது பெரிய பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வந்து, பாட்டு செல்போனிலிருந்து வந்தாலும், குழாய் இல்லாவிட்டால் விசேஷம் நடந்த மாதிரியே இருக்காது என்பார். "அவரு கெடுக்குறாரு, நீங்க பாக்குறீங்க. நல்ல ஜோடி" என்று டாக்டரம்மா சிரிப்பார்.

கிளினிக்கில் செய்யும் பரிசோதனைகளில் எனக்குப் பிடித்தது டிம்ப். அதன் முழுப் பெயர் வாயில் நுழையாது, அதனால் எல்லோருக்கும் டிம்ப்தான். ஒரு ரப்பர் குமிழைக் காதின் வாயில் காற்றுப் போகாமல் வைத்து அழுத்த வேண்டும். மெஷின் "ம்ம்ம்" என்று ஒரே சுருதியில் முனகும். அதே நேரத்தில் காதுக்குள் கொஞ்சம் காற்றைத் தள்ளும், பிறகு மெதுவாக உறிஞ்சும். உள்ளே இருக்கிற செவிப்பறை விறைத்து நின்றால் அந்த முனகல் அதில் மோதித் திரும்பி வந்துவிடும். பறை இளகி நன்றாக ஆடினால் சத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும். எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு உள்ளே போனது என்று மெஷின் அளந்து திரையில் ஒரு கோடு போடும். பறை நன்றாக ஆடுகிறது என்றால் கோடு நடுவில் மேடாக எழும்பி இறங்கும். ஆடவில்லை என்றால் கோடு தட்டையாகப் போகும். கோட்டுக்குக் கீழே ஓர் எண்ணும் வரும். குமிழுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கான எண் அது. பறையில் ஓட்டை என்றால் எண் பெரிதாக இருக்கும். குமிழுக்கு எதிரிலேயே ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால் சிறுத்துப்போகும்.

எனக்கு ஏன் இது பிடிக்கும் என்றால், இதில் யாரும் பொய் சொல்ல முடியாது. மற்ற பரிசோதனைகளில், கேட்காத சத்தத்துக்கும் கேட்டது என்று பொத்தானை அழுத்துகிறவர்கள் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு சர்டிபிகேட் வேண்டும் என்று வரும் ஆட்கள் என் முகத்தைப் பார்த்தே அழுத்துவார்கள். டிம்ப்பில் அந்தப் பாச்சா பலிக்காது. பக்கத்துப் போலகம் கிராமத்திலிருந்து சளி பிடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், கோடு தட்டையாக வரும். உள்ளே நீர் கோத்திருக்கும். மருந்து சாப்பிட்டு மறுபடி வரும்போது அதே காதில் அழகாக மேடு எழும்பும். அதைப் பார்த்ததும், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், "மாதாவே, நன்றி" என்று வாய் தானாகச் சொல்லிவிடும்.

இனி வீட்டுக் கதை. அவருக்குக் காது மந்தமாகிவருவது எனக்குத் தெரியாமல் இல்லை. சத்தமாகப் பேசினால் கேட்கும். நேருக்கு நேர் நின்று பேசினால் பாதி புரியும். முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும்போது பேசினால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "ம்." கேஸ் சொல்லியாச்சா என்றால் "ம்". கரண்ட் பில் கட்டியாச்சா என்றால் "ம்". எங்கள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று போனை வைத்துவிட்டு ஓடி வந்து சொன்னேன், அதற்கும் "ம்". நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான், "எங்க கெளம்பிட்ட?" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்! தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அப்போதுதான் அவருக்கு விஷயம் கேட்டது. தெருவுக்கும் கேட்டது.

"கிளினிக்குக்கு வாங்க, ஒரு தடவ பாத்துடுவோம்" என்று எத்தனையோ முறை கூப்பிட்டிருப்பேன். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். நீதான் வாய்க்குள்ளயே பேசுற" என்பார். நான்! வாய்க்குள்ளேயே! சொல்கிறவருக்கு மனசாட்சி வேண்டாமா?

கத்திக் கத்தியே எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று. கத்திச் சொல்லக்கூடிய விஷயங்கள் மட்டும்தான் எங்களுக்குள் மிச்சம் இருந்தன. அரிசி தீர்ந்துபோச்சு, மோட்டாரைப் போடுங்க, குடையை எடுத்துக்கிட்டுப் போங்க. இதையெல்லாம் கத்தலாம். இன்றைக்குக் கிளினிக்கில் ஒரு குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை என்பதையும், காரணமே இல்லாமல் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்பதையும் எப்படிக் கத்துவது? பக்கத்து வீட்டுக்காரர்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். அதனால் அந்த மாதிரிப் பேச்சையெல்லாம் நான் சொல்லாமலே விட்டுக்கொண்டு வந்தேன்.

எங்கள் பங்குக் கோயிலின் மாதா திருவிழாவுக்குச் சில வாரங்கள் இருந்தன. திருவிழாக் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு வந்தார். இவரோடு ஒன்றாகப் படித்தவர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நெளிந்தார்.

"மாப்ள, சொன்னாக் கோச்சுக்கக் கூடாது."

"சொல்லுய்யா" என்றார் இவர்.

"போன வருஷம் சாமியார் பிரசங்கம் வச்சப்ப பீடத்துல இருந்த பூவெல்லாம் ஆடுச்சு. போன மாசம் நெரவி கல்யாணத்துல பொண்ணோட பெரியப்பா காதப் பொத்திக்கிட்டுப் பந்தலை விட்டே போயிட்டாரு. கொறைன்னா நீ கொறைக்க மாட்டேங்குற. கமிட்டியில நாகப்பட்டினத்து செட்டு ஒண்ணக் கூப்புடலாம்னு பேசுறாங்க. நாந்தான் நிறுத்தி வச்சிருக்கேன்."

இவருக்கு எல்லாம் கேட்டது. அந்த மனிதர் எதிரில் உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகப் பேசியதால் கேட்டது. எழுந்துபோய் ஆம்ப்ளிபயரைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்திருந்த ஆம்ப்ளிபயர். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து அந்தக் கொடியேற்றத்துக்கு வேறு யார் செட்டும் பேசியதில்லை. அவருக்கு அது ஒரு வருமானம் என்பதைவிட, அந்த ஒரு வாரம்தான் அவர் அவராக இருப்பது. அன்றைக்குச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. சாயங்காலம் அவராகவே வந்து நின்றார்.

"சனிக்கிழமை ஒங்க கிளினிக்கு உண்டா?"

"உண்டு" என்றேன். கத்தித்தான்.

"வர்றேன். காதப் பாத்துடு. மாத்திரையோ மருந்தோ குடுத்து டாக்டரம்மாவச் சரிபண்ணச் சொல்லு. கொடியேத்தத்துக்குள்ள சரியாவணும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் காது கேட்காமல் போவதில் இரண்டு வகை உண்டு. பறை ஆடாமல் போவது ஒரு வகை. உள்ளே நீர் கோத்துக்கொண்டிருக்கலாம், ஓட்டை விழுந்திருக்கலாம், பறைக்குப் பின்னால் இருக்கிற பொடி எலும்புகள் இறுகிப்போயிருக்கலாம். அதற்கெல்லாம் மருந்து இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது. பறை நன்றாக ஆடியும் கேட்கவில்லை என்றால் அது இரண்டாவது வகை. பழுது அதற்கும் உள்ளே, சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்பும் நரம்புப் பக்கம். குழாய்க்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழிக்கிறவர்களுக்கு வருவது இந்த இரண்டாவது வகை. போனது போனதுதான், எந்த டாக்டராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆக, எல்லார் காதிலும் மேடு வர வேண்டும் என்று நினைக்கிறவள், அந்த வாரம் முழுக்க மாதா படத்துக்கு முன்னால் நின்று, "தாயே, இவரு காதுல மட்டும் மேடு வரக் கூடாது" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மாதாவுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலை பளபளக்க, திருவிழாவுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். எந்த நிமிஷத்திலும் எழுந்து ஓடிவிடுவார் போலிருந்தது. வழக்கமாக விளக்கடித்துக் காதுக்குள் பார்த்துவிட்டுத்தான் குமிழை வைப்பேன். அன்றைக்கு ஆளைப் பிடித்து வைப்பதே பெரிய பாடாக இருந்ததால், நேராக வலது காதில் குமிழை வைத்து அழுத்தினேன். மெஷின் முனகியது.

கோடு தட்டையாகப் போனது.

எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்! குதிக்காத குறைதான். உலகத்திலேயே புருஷன் காது வேலை செய்யவில்லை என்று சந்தோஷப்பட்ட பெண்டாட்டி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "மாதாவே, நன்றி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கீழே இருந்த எண்ணைப் பார்த்தேன். சிறுத்துப்போயிருந்தது. இவ்வளவு சின்ன எண் பச்சைக் குழந்தை காதுக்குக்கூட வராதே என்று விளக்கை எடுத்து உள்ளே அடித்தேன். உள்ளே எண்ணெய் தளும்பிக்கொண்டிருந்தது. அடுத்த காதிலும் அப்படியே.

"என்னங்க இது? காதா, இல்ல எண்ணெய்க் கடையா?"

"ஆங்?"

"காதுல எண்ணெய் ஊத்துனீங்களான்னு கேக்குறேன்!" என்று நான் கத்தியதில் வெளியே டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

அவர் முகத்தில் ஒரு குற்றமும் தெரியவில்லை. பெருமையாகவே சொன்னார். "வால்யூம் குமிழு கரகரன்னா என்னா பண்ணுவோம்? ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ரெண்டு திருகு திருகுவோம், சத்தம் தெளிஞ்சுடும். காதும் கொஞ்ச நாளா கரகரன்னுதான் இருக்கு. டெஸ்ட்டுக்குப் போறோமேன்னு காலையில ரெண்டு பக்கமும் விட்டுட்டு வந்தேன்."

"திருகவும் திருகுனீங்களா?"

"லேசா."

ஐயோ, என் கடவுளே! சளி மூக்கு ஒழுக வரும் பிள்ளைகள்கூட இந்தக் காரியம் பண்ணியதில்லை. வெளியே உட்கார்ந்திருந்த பாய் ஒருவர் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்து, "யம்மா, எனக்கும் சேத்துச் சொல்லிட்டீங்க. நானும் வீட்டுல எண்ணெய் விட்டுட்டுத்தான் வந்தேன், இன்னொரு நாள் வர்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விட்டார். டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, உறிஞ்சும் குழாயை வைத்து இரண்டு காதையும் சுத்தம் பண்ணினார். "ஒங்க வீட்டுக்காரருக்கு நீங்களே பாக்கணுமா? வேணும்னா நான் பாக்குறேன்" என்றார். நானே பார்க்கிறேன் என்றேன்.

மறுபடி குமிழை வைத்தேன். மெஷின் முனகியது. கோடு கொஞ்ச தூரம் தரையோடு போனது, பிறகு எழும்பியது. நிதானமாக ஏறி, நடுவில் நின்று, அதே நிதானத்தில் இறங்கியது. அப்படியொரு அழகான மேடு! இடது காதிலும் அப்படியே. புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பாடம் நடத்தினால், நல்ல காது என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்டலாம், அந்த மாதிரி ஒரு கோடு.

அவர் எட்டித் திரையைப் பார்த்தார். வீட்டில் நான் மேடு, தட்டை என்று பேசுவதில் அவர் காதில் விழுந்தது கொஞ்சம்தான் என்றாலும் இது மட்டும் ஞாபகம் இருந்தது போலிருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு. "மேடு வந்துடுச்சு பாத்தியா! நல்லா வந்திருக்குல்ல? நாந்தான் சொன்னேன்ல, எனக்கு ஒண்ணுமில்லன்னு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவர் சிரிப்பு நின்றது. "ஏய், ஏன் அழுவுற?" என்றார்.

எப்படிச் சொல்வது? சொன்னால் கத்திச் சொல்ல வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் அத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "ஒண்ணுமில்ல" என்று கையைக் காட்டிவிட்டு, சத்தம் நுழையாத அறைக்கு அவரைக் கூட்டிப்போனேன். அங்கே ஹெட்போனை மாட்டி, கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். தடித்த சத்தத்துக்கெல்லாம் உடனே அழுத்தினார். கீச்சென்ற சத்தங்களுக்கு, கட்டை விரலைப் பொத்தான் மேல் தயாராக வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன். அவர் காத்துக்கொண்டே இருந்தார்.

டாக்டரம்மா எதிரே உட்கார வைத்துத் தெளிவாக, சத்தமாகச் சொன்னார். செவிப்பறைக்கு ஒன்றும் இல்லை, உள்ளே நரம்பு தேய்ந்திருக்கிறது, மருந்து கிடையாது, காதுக் கருவி போட வேண்டும், குழாய்க்குப் பக்கத்தில் இனிமேல் நிற்கக் கூடாது.

"அப்படின்னா பேப்பர் நல்லா இருக்கு, காயில்தான் போயிடுச்சு. அதானே?" என்றார் அவர். ஸ்பீக்கரில் முன்னால் ஆடுவது பேப்பர், பின்னால் அதை ஆட்டுவது காயில்.

"அப்படியே வச்சுக்குங்க."

"காயில் போனா சுத்தி மாட்டிக்கலாமே?"

"இந்தக் காயில சுத்துற ஆளு இன்னும் பொறக்கலைங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்குத் திரும்பும்போது அரசலாற்றுப் பாலத்தில் வண்டியை மெதுவாக ஓட்டினார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "நாகப்பட்டினத்து செட்டையே கூப்புடச் சொல்லிடட்டுமா?" என்றார். அதைச் சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும், போட்டுப் பார்ப்பதற்கென்று கிளினிக்கில் வைத்திருக்கும் காதுக் கருவிகளில் ஒரு ஜோடியை டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்தேன். அதைப் பார்த்ததும் கையை உதறினார். "வேணாம், வேணாம். மைக் செட்காரன் காது செவிடுன்னு ஊரே சிரிக்கும். நான் மாட்ட மாட்டேன்."

பொறுமையாகச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். எனக்கும் பொறுமைக்கும் எப்போது ஒத்துப்போயிருக்கிறது? கருவியை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "இது என்னான்னு நெனச்சீங்க? இந்தா, இது மைக்கு. உள்ள இருக்குறது ஆம்ப்ளிபயர். இந்த முனையில இருக்குறது ஸ்பீக்கர். இதுவும் மைக் செட்டுதான்! ஊருக்கெல்லாம் கட்டுறீங்கல்ல, ஒங்களுக்கு ஒரு தடவ கட்டிக்கிட்டா என்னா கொறைஞ்சு போச்சு?" என்று ஒரு கத்து கத்தினேன்.

அவர் கருவியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குள்ளயா மூணும் இருக்கு?" என்றார். பிறகு, "எத்தன வாட்டு?" என்று கேட்டார். சரிதான், ஆள் விழுந்துவிட்டார் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

காதில் மாட்டினேன். முதலில், தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றார். கையைக் காதருகே கொண்டுபோனதும் கருவி "கீ" என்று விசில் அடித்தது. மற்றவர்களுக்கெல்லாம் இந்த விசில் ஏன் வருகிறது என்று படம் போட்டு விளக்க வேண்டியிருக்கும், பயந்துபோய்க் கழற்றி வீசியவர்கள்கூட உண்டு. இவர் ஒரே நொடியில், "ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்கே போவுது. நல்லா அமுங்கி ஒக்காரலை" என்று சொல்லி, முனையைக் காதுக்குள் சரியாகத் தள்ளி விசிலை நிறுத்திவிட்டார். மேடையில் வாழ்நாள் முழுவதும் செய்த வேலை. அதற்குப் பிறகு கருவி அவருடையதாகிவிட்டது, என்னைத் தொடவே விடவில்லை.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் கோயில் மைதானத்தில் குழாய் கட்டி, பெட்டிகளை அடுக்கி, வழக்கமாக வைக்கும் இடத்தில் வால்யூம் குமிழைத் திருகி வைத்து, "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்றார். சொன்னவர் துள்ளி விழுந்தார்.

"யோவ், யாருய்யா இவ்வளவு சத்தம் வச்சது?"

கமிட்டித் தலைவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். இவர் குமிழைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். அத்தோடு விடாமல், மைதானத்தின் கடைசி வரைக்கும் நடந்துபோய் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வந்து மறுபடி குறைத்தார். குழாய்க்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியைத் தூக்கி வேப்பமரத்துக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்தார். பீடத்தில் ஒரு பூ அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு அம்மா கையைத் தூக்கி, "சாமி, பின்னாடி ஒண்ணும் கேக்கலைங்க!" என்றார்.

இவர் செட்டைப் பற்றி அப்படி ஒரு புகார் வந்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவர் எழுந்து நின்று, ஏதோ மாலை வாங்கிக்கொள்கிற மாதிரி எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, குமிழை ஒரு இம்மி ஏற்றினார். கமிட்டித் தலைவர் மரத்தடிக்கு வந்து, "மாப்ள, நாகப்பட்டினத்துக்கெல்லாம் போன் போடலய்யா" என்றார். "ம்" என்று விட்டுவிடாமல், "போட்டுத்தான் பாரேன்" என்று இவர் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

திருவிழா முடிந்து கொடி இறக்கிய மறுநாள் காலையில், பிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். இவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பந்தல்காரர்கள் கீற்றை இறக்கினார்கள். கமிட்டி ஆட்கள் கொஞ்சம் தள்ளி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டீயை வாங்கிக்கொண்டு, திடீரென்று கேட்டார்.

"அன்னைக்கு ஏன் அழுத?"

"என்னைக்கு?"

"மெஷின்ல மேடு வந்தன்னைக்கு. நான் கேட்டேன், நீ சொல்லவே இல்ல."

நான் சுற்றிலும் பார்த்தேன். நாற்காலி அடுக்குகிறவர்களுக்குக் கேட்கும் தூரம்தான். பழக்கதோஷத்தில் வயிற்றை எக்கி மூச்சை இழுத்தேன், கத்துவதற்கு. அப்புறம் அந்த மூச்சை விட்டுவிட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குக் கேட்காதே, அந்தக் குரலில் சொன்னேன். "ஒங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு எவ்வளவோ வச்சிருந்தேங்க. எதையும் கத்திச் சொல்ல முடியாது. அதெல்லாம் சொல்லாமலே போயிடுமோன்னு பயந்துட்டேன். அதான்."

"ம்" என்று சொல்லிவிடுவாரோ என்று ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது. அவர் சொல்லவில்லை. ஒயரைக் கீழே வைத்தார். ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைத் துண்டால் தட்டிவிட்டு, "ஒக்காரு" என்றார். "எல்லாத்தையும் சொல்லு."

உட்கார்ந்தேன். விரலை விடாமல் பிடித்துக்கொண்ட குழந்தையிலிருந்து ஆரம்பித்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று சொன்னேன். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வந்தது. அவர் என் வாயைப் பார்க்காமல், என் கண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து கமிட்டித் தலைவர் குரல் கொடுத்தார். "என்னா தங்கச்சி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? காலையிலேர்ந்து ஒன் சத்தத்தையே காணோம்!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. திரும்பி ஒரு வார்த்தை விடுவதற்குள், இவர் முந்திக்கொண்டார்.

"அவ பேசிக்கிட்டுத்தான்யா இருக்கா. எனக்குக் கேக்குது."